மாலையில் முளைத்து ராத்திரி அணைந்த டிவி: மயிலாப்பூரின் கறுப்பு-வெள்ளை நாள் எங்கே போனது?

"இப்ப தெரியறதா?"

"இல்ல, புள்ளி புள்ளியா வரது. கொஞ்சம் திருவல்லிக்கேணி பக்கமா திருப்பு!"

"இப்ப?"

"ஆங்... நிறுத்து நிறுத்து! கைய எடுக்காத!"

1980-களின் தொடக்கத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் மயிலாப்பூர் மொட்டை மாடிகளில் கேட்ட உரையாடல் இது. மாடியில் ஒருவர் அலுமினிய ஆன்டெனாவைப் பிடித்திருப்பார். கீழே ஹாலில் ஒருவர் திரையைப் பார்த்திருப்பார். நடுவில் மாடிப்படியில் நின்று இரண்டு பக்கமும் கத்தி ரிலே செய்ய வீட்டின் கடைக்குட்டி. இவ்வளவும் எதற்கு? அரை மணி நேர சினிமாப் பாட்டுக்கு.

இன்று மயிலாப்பூரில் இருந்து மெட்ரோ வேலையால் நகராத டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு, போனில் அரை மணி நேரத்தில் ஐம்பது ரீல்ஸ் தள்ளிவிடுகிறோம். அந்தத் தலைமுறைக்கு ஒரே சேனல்தான். அதுவும் நாள் முழுக்கக் கிடையாது. சாயங்காலம் உயிர் வரும், ராத்திரி படுத்துவிடும். மற்ற நேரத்தில் டிவி என்பது ஹாலில் எம்பிராய்டரி துணி போர்த்தி வைத்த ஒரு மரப்பெட்டி.

அந்த ஒரு நாள் டிவி எப்படித்தான் இருந்தது? இன்று அதை மறுபடி பார்க்க முடியுமா? முதல் கேள்விக்கு உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமே பதில் இருக்கிறது. இரண்டாவதுதான் சிக்கல்.

ஏன் சாயங்காலம் மட்டும்?

இந்தியாவில் டிவி முதலில் வந்தது டெல்லியில், 1959 செப்டம்பர் 15 அன்று. அது பரிசோதனை முயற்சி. வாரத்துக்கு இரண்டே நாள், கொஞ்ச நேரம். தினசரி ஒளிபரப்பு 1965-ல்தான் வந்தது. மும்பைக்கு 1972-ல் நிலையம் கிடைத்தது. சென்னையின் முறை 1975 ஆகஸ்ட் 15. டெல்லி பார்க்க ஆரம்பித்து 16 வருஷம் கழித்துத்தான் மெட்ராஸ் ஜனங்கள் தங்கள் ஊர் டிவியைப் பார்த்தார்கள்.

தேதியைக் கவனியுங்கள். எமர்ஜென்சி அறிவிக்கப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பத்திரிகைகளுக்குத் தணிக்கை இருந்த காலம். ரேடியோவும் டிவியும் அரசின் கையில். அப்போது தூர்தர்ஷன் தனி அமைப்புகூட இல்லை, ஆல் இந்தியா ரேடியோவின் ஒரு பிரிவு. 1976 ஏப்ரல் 1-ல்தான் பிரிந்தது. சுழன்று சுழன்று கண் வடிவம் ஆகும் அந்த லோகோவும், பண்டிட் ரவிசங்கர் பங்களிப்பில் உருவான அந்த இசையும் அதன் பிறகு வந்த அடையாளங்கள். ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடமாவது அந்த இசையை யூடியூபில் போட்டுக் காட்டிப் பாருங்கள். முகம் மாறும்.

நாள் முழுக்க ஏன் ஓட்டவில்லை என்றால், ஓட்ட எதுவும் இல்லை என்பதுதான் நேரான பதில். ஸ்டூடியோ, கேமரா, ஆள், பணம் எல்லாமே குறைவு. பல நிகழ்ச்சிகள் நேரடியாகவே போயின. ஒரு செட்டில் ஒருவர் பேசி முடிப்பதற்குள் அடுத்த மூலையில் அடுத்த நிகழ்ச்சிக்கு ஆள் தயாராக வேண்டும். இன்னொரு காரணம், அரசின் பார்வை. டிவி என்பது கல்விக்கும் வளர்ச்சிக்கும் என்றுதான் கொள்கை. பொழுதுபோக்கு, சாப்பாட்டுக்கு ஊறுகாய் மாதிரி.

அதனால்தான் மயிலாப்பூர் ஹாலில் உட்கார்ந்து 'வயலும் வாழ்வும்' பார்க்க வேண்டிய நிலை. நெல் பயிரில் பூச்சித் தாக்குதல், உரம் போடும் முறை எல்லாம் லஸ் கார்னர் பையனுக்கும் தெரிந்தது. அவனுக்கு வயல் இல்லை. அடுத்த நிகழ்ச்சி வரும் வரை வேறு வழியும் இல்லை. சேனல் மாற்ற இன்னொரு சேனல் வேண்டுமே!

இதில் ஒரு முரண் உண்டு. 1975 ஆகஸ்டில் தொடங்கி ஒரு வருஷம், 'சைட்' என்ற திட்டத்தில் அமெரிக்க செயற்கைக்கோள் மூலம் சுமார் 2,400 கிராமங்களுக்கு டிவி கொண்டுபோனார்கள். ஆந்திரா, கர்நாடகா உள்பட ஆறு மாநிலங்கள். தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை. விவசாய நிகழ்ச்சி சேப்பாக்கத்தில் இருந்து கிளம்பி, முதலில் போய்ச் சேர்ந்தது சென்னை நகரத்து ஹால்களுக்கும் சுற்றுவட்டாரத்துக்கும்தான்.

ஒரு சாயங்காலம், வரிசையாக

பெட்டியைப் போட்டதும் படம் வந்துவிடாது. முதலில் சத்தம், பிறகு மெதுவாக வெளிச்சம். ஸ்டெபிலைசரில் முள் ஏறி நிற்கிறதா என்று வீட்டுத் தலைவர் பார்த்த பிறகுதான் ஸ்விட்சில் கை வைக்கவே அனுமதி. பெட்டிக்கு இரண்டு பக்கமும் இழுத்து மூடுகிற ஷட்டர், சில வீடுகளில் அதற்குப் பூட்டு. சொலிடேர், டயனோரா இரண்டும் சென்னை கம்பெனிகள். 'எங்காத்துல சொலிடேர்' என்று சொல்வதில் இன்றைய ஐபோன் கெத்து இருந்தது.

அறிவிப்பாளர் வந்து வணக்கம் சொல்வார். இன்று இரவு என்னென்ன வரப்போகிறது என்று படிப்பார். நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி ஒரு மனிதர் வந்து கைபிடித்து அழைத்துப்போன காலம் அது. வாரத்தின் வெவ்வேறு நாட்களில் குழந்தைகளுக்கு 'கண்மணிப் பூங்கா', நேயர் கடிதங்களுக்குப் பதில் சொல்லும் 'எதிரொலி', நாடகம், கர்நாடக சங்கீதம் என்று மாறி மாறி வரும். சபா மேடையில் இருந்தவர்களுக்கு சேப்பாக்கம் ஸ்டூடியோ இன்னொரு மேடை ஆனது. பின்னாளில் வீட்டுக்கு வீடு தெரிந்த செய்தி வாசிப்பாளர்களில் ஷோபனா ரவியும் உண்டு, நாடக மேடைக்காரரான டி.வி.வரதராஜனும் உண்டு. இனிஷியலே டி.வி. என்று அமைந்தது தற்செயல்தான்.

நடுவில் திடீரென்று படம் போகும். 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று ஓர் அட்டை. ஸ்டூடியோ கோளாறா, படச்சுருள் அறுந்ததா, டிரான்ஸ்மிட்டர் பிரச்சினையா, யாருக்கும் தெரியாது. யாரும் எழுந்தும் போகமாட்டார்கள். எப்போது திரும்ப வரும் என்று தெரியாதே! அந்த இடைவெளியில்தான் ஹாலில் காபி வந்தது, வம்பு பேசப்பட்டது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். லோடிங் வட்டம் மூன்று நொடி சுற்றினால் ஆப்பையே மூடுகிற நம் பொறுமையோடு ஒப்பிட்டால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை என்றால் 'ஒலியும் ஒளியும்'. அரை மணி நேரத்தில் ஐந்தாறு பாட்டு. பழையது இரண்டு, புதியது ஒன்று கிடைத்தால் அன்று திருவிழா. கலர் படத்துப் பாட்டும் கறுப்பு-வெள்ளையில்தான். கதாநாயகியின் சிவப்புப் புடவையும் பச்சைப் புடவையும் ஒரே சாம்பல். தியேட்டரில் ஏற்கனவே பார்த்தவர்கள் "அது அரக்கு கலர்" என்று பக்கத்தில் இருப்பவருக்கு வர்ணனை கொடுப்பார்கள். வண்ணம் வேண்டுமென்றால் கடையில் ஒரு பிளாஸ்டிக் ஷீட் விற்றது. மேலே நீலம், நடுவில் இளஞ்சிவப்போ மஞ்சளோ, கீழே பச்சை. திரைமேல் ஒட்டினால் வானம் நீலமாகும், புல் பச்சையாகும். குளோசப் வந்தால் கதாநாயகனின் நெற்றி நீலம், தாடை பச்சை.

ஞாயிறு மாலை தமிழ்ப்படம். பெரும்பாலும் பழைய படம்தான், புதுப்படத்தைத் தயாரிப்பாளர் ஏன் இலவசமாகக் காட்டக் கொடுக்கப்போகிறார்? அப்படியும் மாட வீதி வெறிச்சோடும். லஸ்ஸில் காமதேனு தியேட்டர், மந்தைவெளி பக்கம் கபாலி தியேட்டர், இரண்டுக்கும் போட்டி இந்த இருபது இஞ்ச் பெட்டி. அந்த இரண்டு தியேட்டர்களும் இன்று இல்லை. அதற்கு டிவியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, ஆனால் டிவிக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது.

ராத்திரி கடைசியாக அறிவிப்பாளர் விடைபெறுவார். அணைத்ததும் படம் சுருங்கிச் சுருங்கி நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாகி மறையும். அந்தப் புள்ளி போகும் வரை உட்கார்ந்து பார்த்த குழந்தைகள் எக்கச்சக்கம்.

"மாமி, டிவி பார்க்கலாமா?"

டிவி வாங்குவது மட்டும் போதாது, லைசென்ஸ் வேண்டும். தபால் ஆபீஸில் வருஷத்துக்கு 50 ரூபாய் கட்டிப் புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். 1985-ல்தான் இந்த முறை ஒழிந்தது. ஆக, தெருவுக்கு ஒன்றிரண்டு வீட்டில்தான் பெட்டி. மற்றவர்கள் அந்த வீட்டு வாசலில்.

இதை நாஸ்டால்ஜியா பதிவுகள் 'எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்த பொற்காலம்' என்று எழுதுகின்றன. பாதி உண்மை. மீதிப் பாதி, யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பது. நாற்காலி வீட்டுக்காரருக்கு, பாய் சொந்தக்காரருக்கு, வெறும் தரை பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு. வேலை செய்ய வரும் அம்மாவின் குழந்தைக்கு ஜன்னல் கம்பி. சில வீடுகளில் நாலணா வாங்கினார்கள். சில வீடுகளில் பாட்டு ஆரம்பிக்கும் நேரம் பார்த்துக் கதவு சாத்தினார்கள். கதவு சாத்தப்பட்ட பக்கம் நின்றவர்கள் அதை இன்னும் மறக்கவில்லை. வீட்டுக்கு டிவி வாங்கியே தீருவது என்று பல அப்பாக்கள் முடிவெடுத்தது அப்படி ஒரு ராத்திரியில்தான்.

லண்டனிலும் இதே கதைதான்

டிவி பிறந்த ஊர்களில் ஒன்றான லண்டனில் எல்லாம் வசதியாக இருந்திருக்கும் என்று நினைத்தால் தப்பு. பிபிசி 1936 நவம்பரில் டிவி ஒளிபரப்பைத் தொடங்கியது. 1955-ல் ஐடிவி வரும் வரை பிரிட்டனுக்கும் ஒரே சேனல். 1950-களில் ஒரு நாள் ஒளிபரப்பு என்றால் மதியம் கொஞ்சம், ஐந்து மணிக்குக் குழந்தைகளுக்குக் கொஞ்சம். அப்புறம் ஆறில் இருந்து ஏழு வரை திரை காலி. ஏன்? குழந்தைகளைத் தூங்க வைக்க அம்மாக்களுக்கு ஒரு மணி நேரம் வேண்டுமாம்! 1957 பிப்ரவரி வரை இது நடைமுறையில் இருந்தது. நிகழ்ச்சிகளுக்கு இடையே இடைவெளி விழுந்தால், ஒரு குயவர் சக்கரத்தில் மண்பாண்டம் செய்யும் படத்தை ஓடவிடுவார்கள். பானை முடிவதே இல்லை. ராத்திரி கடைசியில் தேசிய கீதம், பிறகு அதே வெள்ளைப் புள்ளி.

பக்கத்து வீட்டு ஹாலும் உண்டு. 1953 ஜூன் 2, எலிசபெத் ராணி முடிசூட்டு விழா. பிரிட்டனில் அப்போது டிவி லைசென்ஸ் வைத்திருந்தவர்கள் 20 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியிருந்தார்கள். விழாவை டிவியில் பார்த்தவர்கள் சுமார் 2 கோடி என்று மதிப்பிடுகிறார்கள். கணக்குப் போட்டால் புரியும், பெரும்பாலானவர்கள் அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்துதான் பார்த்திருக்கிறார்கள். மயிலாப்பூரின் 'மாமி'க்கு லண்டனில் வேறு பெயர், அவ்வளவுதான்.

கலர் வந்தது, கறுப்பு-வெள்ளை போகவில்லை

அதிகாரப்பூர்வமாக இந்தியாவில் கறுப்பு-வெள்ளைக் காலம் முடிந்தது 1982-ல். அந்த ஆகஸ்ட் 15-ல் தேசிய ஒளிபரப்பு தொடங்கியது. நவம்பரில் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டி கலரில் வந்தது. பிரிட்டனில் கலர் 1967-லேயே விம்பிள்டன் போட்டிகளோடு வந்துவிட்டது.

ஆனால் வீட்டு ஹாலில் அப்படி ஒரே நாளில் எதுவும் மாறவில்லை. கலர் சிக்னல் வடிவமைக்கப்பட்ட விதம் அப்படி. படத்தின் வெளிச்ச அளவு ஒரு பகுதியாகவும், வண்ணத் தகவல் தனிப் பகுதியாகவும் போகும். பழைய பெட்டி வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, வண்ணத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அதனால் சேப்பாக்கம் கலரில் அனுப்பினாலும் கச்சேரி ரோடு வீட்டில் பல வருஷம் சாம்பல் நிறத்தில்தான் ஓடியது. பலருக்குக் கறுப்பு-வெள்ளைக் காலம் என்பது 1982 இல்லை. பழைய பெட்டியை எக்ஸ்சேஞ்சில் போட்ட வருஷம்தான்.

தேசிய ஒளிபரப்பால் இன்னொரு மாற்றமும் வந்தது. இரவு எட்டரை மணிக்கு மேல் திரை டெல்லிக்குப் போய்விடும், இந்தியும் ஆங்கிலமும் வரும். தமிழ்நாட்டில் இது எவ்வளவு உரசலை உண்டாக்கியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பல வீடுகளில் அதுதான் சாப்பாட்டு நேரமாக மாறியது.

சரி, அந்த நாள் எங்கே?

இனிதான் சிக்கல். 1978-ல் ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை சென்னைத் தொலைக்காட்சியில் என்ன வந்தது என்று முழுதாகப் பார்க்க ஆசைப்பட்டால்? பார்க்க முடியாது. நேரடியாகப் போனது காற்றோடு போனது. பதிவு செய்தவற்றிலும் எல்லாம் தங்கவில்லை. அந்தக் கால வீடியோ டேப் விலை அதிகம். ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் அதன்மேல் அடுத்ததைப் பதிவு செய்வது உலகம் முழுக்க டிவி நிலையங்களில் சாதாரண வழக்கம்.

பணக்கார பிபிசியே அதைத்தான் செய்தது. 'டாக்டர் ஹூ' தொடரின் 1960-களின் எபிசோடுகளில் 90-க்கும் மேல் இன்னும் காணவில்லை. 1969-ல் மனிதன் நிலவில் இறங்கியபோது பிபிசி ஸ்டூடியோவில் இருந்து செய்த ஒளிபரப்பில் பெரும்பகுதியும் போய்விட்டது. 1970-களின் கடைசியில்தான் 'இனி அழிக்காதே' என்று முடிவெடுத்தார்கள். வெளிநாட்டு நிலையங்களுக்கு விற்ற பிலிம் பிரதிகள்தான் கொஞ்சம் காப்பாற்றின. 2013-ல் நைஜீரியாவின் ஜோஸ் நகரில் இருந்து ஒன்பது 'டாக்டர் ஹூ' எபிசோடுகள் திரும்பக் கிடைத்ததாக அறிவித்தார்கள். சேப்பாக்கத்தில் எடுத்த 'எதிரொலி'யை எந்த நாட்டுக்கு விற்றிருப்பார்கள்?

நிகழ்ச்சி போனாலும் பிரிட்டன் ஒன்றைச் செய்தது. அப்போது பிபிசியின் வார இதழாக இருந்த 'ரேடியோ டைம்ஸ்' அச்சிட்ட நிகழ்ச்சிப் பட்டியல்களை, 1923 முதல் 2009 வரை, ஸ்கேன் செய்து 2014-ல் 'ஜீனோம்' என்ற பெயரில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அப்பா பிறந்த தேதியைத் தட்டினால், அன்று எத்தனை மணிக்கு என்ன வந்தது என்று நிமிஷக் கணக்கோடு தெரியும். படம் இல்லை, ஆனால் அந்த நாளின் எலும்புக்கூடு இருக்கிறது.

சென்னைக்கு அப்படி ஒரு பக்கம் இருந்தால் எப்படி இருக்கும்? மூலப்பொருள் இல்லாமல் இல்லை. அன்றைய நாளிதழ்கள் தினமும் ஒரு மூலையில் ரேடியோ, டிவி நிகழ்ச்சிகளைப் பொடி எழுத்தில் அச்சிட்டன. எழும்பூர் கன்னிமாரா நூலகம், சட்டப்படி நாட்டின் பதிப்புகள் வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பிரசார் பாரதி தன் பழைய பதிவுகளில் சிலவற்றை யூடியூபில் ஏற்றிவருகிறது. வீட்டு விசிஆரில் யாரோ பிடித்துவைத்த விஎச்எஸ் டேப்புகளும் அங்கங்கே தலைகாட்டுகின்றன. விளம்பர இடைவேளையோடு, நடுவில் கரண்ட் போன இடத்தோடு.

ஆனால் மற்றொரு காப்பகத்துக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. 1975-ல் முப்பது வயதில் அந்த மரப்பெட்டியை வாங்கியவருக்கு இப்போது எண்பது. ஸ்டூடியோவில் கேமரா பிடித்தவர்கள், ஒப்பனை போட்டவர்கள், அறிவிப்பு எழுதியவர்கள் பலரும் அதே வயதில். எந்த நிகழ்ச்சிக்கு அப்புறம் எது வந்தது, யார் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம், எந்தக் கதவு சாத்தப்பட்டது என்பதெல்லாம் பொடி எழுத்துப் பட்டியலில் கிடைக்காது.

உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்ம வீட்டுல டிவி வர்றதுக்கு முன்னாடி, யார் வீட்டுல போய்ப் பார்த்தீங்க?" பரணில் தேடினால் அந்த 50 ரூபாய் லைசென்ஸ் புத்தகமும் கிடைக்கலாம். பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.